ஒமைக்ரான் தை: ஊரில் எது வேலை செய்தது, எது கண்துடைப்பு

கொரோனாவின் ஒமைக்ரான் வகை பரவி, பிரிட்டனில் ஒரே நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்த 2022 ஜனவரி வாரத்தில்தான், அங்கே வசிக்கும் நானும் என் நாலு வயதுப் பையனும் ஊருக்குக் கிளம்பினோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். இரண்டு தீபாவளி வீடியோ காலிலேயே போய்விட்டது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "இப்பப் போய் எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நோயை நாம் ஊருக்குக் கொண்டுபோய்விடக் கூடாதே என்பதுதான் கவலை. பயணத்தில் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

முதலில் காகித வேலை. 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான சர்வதேச விமானங்கள் இந்தியாவுக்கு அப்போது இன்னும் தொடங்கவில்லை. நாடுகளுக்கிடையேயான 'ஏர் பபிள்' ஒப்பந்தத்தில்தான் ஓடின. கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவை இந்திய அரசின் 'ஏர் சுவிதா' தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. பிரிட்டன் அரசு அப்போது இலவசமாகச் செய்த சோதனையைப் பயணத்துக்குக் காட்ட முடியாது, தனியாரிடம்தான் போக வேண்டியிருந்தது. நான் பணம் கட்டிய ஆய்வகம் (பெயர் வேண்டாம்) ஒரே நாளில் முடிவு வரும் என்றது. கிளம்புகிற நாள் காலை வரை வரவில்லை. தொலைபேசியில் இசை கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் மதியம் வந்தது. விடுமுறை நாட்களில் தபாலில் மாதிரி அனுப்பும் ஆய்வகங்களை நம்ப வேண்டாம். நேரில் போய்க் கொடுத்தால் அன்றே முடிவு தரும் இடத்துக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் தகும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சோதனை தேவையில்லை என்பது அப்போதைய இந்திய விதி. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த விதிப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

விமானத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும்போது நாங்கள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கைக்காரர் முடித்து மூடிக்கொண்ட பிறகு தட்டைத் திறந்தோம். ஆறிய சோறுதான். பையன் அதைவிட பிஸ்கட்டே மேல் என்று முடிவு செய்துவிட்டான்.

அப்போது பிரிட்டன், இந்தியாவின் 'ஆபத்து நாடுகள்' பட்டியலில் இருந்தது. 2021 டிசம்பர் 1 முதல் வந்த விதிப்படி, இறங்கியதும் சோதனை, முடிவு வரும்வரை அங்கேயே காத்திருப்பு, பிறகு வீட்டில் ஏழு நாள் தனிமை, எட்டாம் நாள் மறுசோதனை. சாதாரணச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். விரைவுச் சோதனை சீக்கிரம் முடியும், விலை பல மடங்கு. குழந்தை தூங்கி வழிந்ததால் இரண்டாவதற்குக் கட்டினேன். ஊழியர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். விதியை எழுதியவர்களிடம்தான் எனக்குக் கேள்வி. நான்கைந்து நாடுகளிலிருந்து வந்தவர்களை ஒரு கூரையின் கீழ் மணிக்கணக்காக உட்கார வைத்தால், உள்ளே தொற்றோடு வந்த ஒருவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போக மாட்டாரா? தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் தொற்று டிசம்பர் 15-ல் அறிவிக்கப்பட்டபோது, அவர் நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக வந்தவர் என்றார்கள். ஆனால் நான் போன ஜனவரியில் ஒமைக்ரான் ஏற்கெனவே ஊருக்குள்தான் இருந்தது. மாத இறுதிக்குள் மாநிலத்தில் தினசரி எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தொட்டது. வாசலை மட்டும் காவல் காத்து என்ன பயன்?

சென்னையிலிருந்து ஊருக்கு டாக்சி. ஏசி வேண்டாம், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள் என்றதும் டிரைவர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாப்பாவுக்குத் தூசி படுமே" என்றார். விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் சொன்னது புரிந்தது. அந்த நான்குவழிச் சாலை வேலை எத்தனை வருஷமாக நடந்தது என்று தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இருந்தாலும் ஆறு மணி நேரம் மூடிய காருக்குள் மூன்று பேர் மூச்சுவிடுவதைவிடத் தூசி பரவாயில்லை.

வீட்டில் கொல்லைப்பக்க அறை எங்களுக்கு, தனிக் கழிவறையோடு. சாப்பாடு வாசற்படியில் வரும். அப்பா அம்மாவோடு பேச்சு எல்லாம் திண்ணையில்தான். அவர்கள் ஒரு கோடி, நாங்கள் மறு கோடி, நடுவில் காற்று. பேரன் தாத்தாவின் மடியில் ஏறப் பார்ப்பான், நான் இழுத்துப் பிடிப்பேன். முதல் இரண்டு நாள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "பெத்தவளைத் தொடறதுக்குக்கூடச் சட்டமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சமாதானம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் விலகித்தான் இருந்தேன்.

வந்த மறுநாளே கிராம சுகாதார செவிலியர் வந்துவிட்டார். ஊரில் நர்சம்மா என்றால்தான் தெரியும். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "லண்டன் பொண்ணு நீதானம்மா?" என்றார். நான் இருப்பது லண்டன் இல்லை. அதைத் திருத்துவதில் அர்த்தமில்லை. காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, குழந்தைக்கு இருமலா என்று கேட்டு, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் சுகாதார ஆய்வாளர். பிறகு தினமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போன். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் இருக்கும் ஒருவர், தடுப்பூசி முகாம், கர்ப்பிணிப் பதிவு, கொசு ஒழிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் வாசலுக்கும் வந்தார். பிரிட்டனில் எனக்குத் தொற்று வந்தபோது வந்தவை குறுஞ்செய்திகள் மட்டும்தான்.

அந்த வாரத்தில் நான் கண்ட இன்னொன்று, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. அப்பாவின் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்த பெண் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டுப் போனார். கூட்டமான மருத்துவமனை வரிசையில் வயதானவர்கள் நிற்காமல் இருப்பதுதான் பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய பாதுகாப்பு. அதை யாரும் கோவிட் திட்டம் என்று விளம்பரப்படுத்தவில்லை. அம்மாவுக்கு மூன்றாவது தடுப்பூசியான முன்னெச்சரிக்கை டோஸ் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன். அது ஜனவரி 10-ல் தொடங்கியது. ஆனால் இரண்டாம் டோஸ் போட்டு 39 வாரம் ஆகியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அது பிப்ரவரியில்தான் முடியும். நர்சம்மா நாளைக் கணக்குப் போட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

எட்டாம் நாள் சோதனை பொங்கல் விடுமுறையை ஒட்டி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். மரத்தடியில் நாற்காலி போட்டு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டிபிசிஆர், காசு கிடையாது, முடிவு போனில் வந்தது. சீமையில் பணம் கட்டி நான் பட்ட பாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. திரும்பும்போது கபசுரக் குடிநீர் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அது தொற்றைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கசப்பு மட்டும் உறுதி.

அரசு போட்ட கட்டுப்பாடுகளும் இந்த நாட்களில்தான். ஜனவரி 6 முதல் இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு. காணும் பொங்கல் 16-ம் தேதி ஞாயிறாகப் போனதால் வீட்டோடு சரி. 14 முதல் 18 வரை கோயில்கள் மூடல், தைப்பூசத்துக்கும் கதவு திறக்கவில்லை. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே 17-க்குத் தள்ளினார்கள். முகக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் 200-இலிருந்து 500 ரூபாய் ஆனது. போலீஸ் நிற்கும் முனை வரும்போது மூக்குக்கு ஏறும் கவசம், தாண்டியதும் தாடைக்கு இறங்கிவிடும். திறந்த காற்றில் நடக்கும் தெருவில் அவ்வளவு கெடுபிடி. மூடிய மண்டபங்களில்?

அதற்குப் பதில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. நூறு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. வாசலில் வெப்பமானி, சானிடைசர், கையெழுத்துப் புத்தகம் எல்லாம் ஒழுங்கு. உள்ளே ஏசி மண்டபம், ஜன்னல் அடைப்பு, மேளச் சத்தத்தில் எல்லோரும் காதோடு காது வைத்துக் கத்திப் பேசுகிறார்கள். பந்தியில் தோளோடு தோள், யாருக்கும் கவசம் இருக்க வழியில்லை. நெற்றியில் சூடு பார்ப்பது அறிகுறி இல்லாமல் பரப்புகிறவரைப் பிடிக்காது. ஜன்னலைத் திறந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். முகூர்த்தம் பார்த்து, அட்சதை போட்டு, கிளம்பினேன். அத்தை வாசல்வரை வந்தார்.

"சாப்பிடாமப் போறியே, எங்க மேல என்னடி கோவம்?"

"கோவம் இல்ல அத்தை. பார்சல் குடுங்க, வீட்ல போய்ச் சாப்பிடுறேன்."

கல்யாணச் சாப்பாட்டைப் பார்சல் கேட்டவள் என்று நம் பக்கத்தில் இன்னும் பல வருஷம் பேசப்படுவேன். அந்த வாரக் கடைசியில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் வீடுகளில் வரிசையாகக் காய்ச்சல்.

மருந்துக்கடை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பையனுக்கு லேசாகச் சூடு. பாராசிட்டமால் சிரப் கேட்டுப் போனால், கடைக்காரர் எனக்கும் சேர்த்து ஒரு 'செட்' கட்டிவிட்டார். காலை, இரவு என்று சின்னக் காகிதப் பொட்டலங்கள், உள்ளே உதிரி மாத்திரைகள். ஒன்று அசித்ரோமைசின். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. என்ன மாத்திரை, எப்போது காலாவதி என்று தெரியாத பொட்டலத்தை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. சிரப்பை மட்டும் வாங்கினேன். மழைக்காலம் முடிந்த கையோடு டெங்குவும் இருக்கும் என்பதால் காய்ச்சல் நின்ற பிறகும் இரண்டு நாள் கண்காணித்தேன். ஊருக்குக் கொண்டுபோன பொருட்களில் அதிகம் பயன்பட்டவை தெர்மாமீட்டரும் விரல் ஆக்சிமீட்டரும். தெருவில் நாலு வீட்டுக்கு அந்த ஆக்சிமீட்டர் போய்வந்தது. வீட்டுத் தனிமையில் இருப்பவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் அப்போதைய வழிகாட்டுதல். குறைந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

தஞ்சாவூரில் ஓர் இரவு தங்கிய விடுதியில் டிவி ரிமோட்டை உறையில் போட்டு 'கிருமி நீக்கம் செய்யப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அறையில் திறக்கும் ஜன்னலே கிடையாது. வேறு அறை கேட்டேன், தெருப்பக்கம் ஒன்று தந்தார்கள். இரவெல்லாம் ஆட்டோ சத்தம், ஆனால் காற்று வந்தது.

திரும்பும்போது உழவன் எக்ஸ்பிரஸில் ஏசி இல்லாத ஸ்லீப்பர் எடுத்தேன். ஏசி பெட்டியிலும் அப்போது கம்பளி, படுக்கை விரிப்பு தரவில்லை. அதனால் இழப்பு ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கை மாமா குளிருகிறது என்று ஜன்னலை இறக்க, நான் ஏற்ற, விழுப்புரம் வரை இருவருக்கும் மௌனப் போர். என் சால்வையை அவருக்குக் கொடுத்த பிறகு சமரசம்.

பிரிட்டன் பக்கம் எளிதாக இருந்தது. ஜனவரி 7 முதல் முழுத் தடுப்பூசி போட்டவர்கள் கிளம்பும் முன் சோதனை செய்யத் தேவையில்லை என்று ஆனது. பயணி விவரப் படிவமும், போன பிறகு எடுக்க ஒரு லேட்டரல் ஃப்ளோ எனும் ஆன்டிஜென் சோதனையும் போதுமாக இருந்தது. பிப்ரவரி 11 முதல் அந்தச் சோதனையும் போய்விட்டது. இந்தியாவும் பிப்ரவரி 14 முதல் 'ஆபத்து நாடுகள்' பிரிவை எடுத்துவிட்டு, ஏழு நாள் தனிமைக்குப் பதில் பதினான்கு நாள் நம்மை நாமே கவனித்துக்கொண்டால் போதும் என்றது. இருதரப்பு ஒப்புதல் உள்ள நாடுகளின் தடுப்பூசிச் சான்று இருந்தால் ஆர்டிபிசிஆர்கூட வேண்டாம் என்றார்கள். பயண விதிகளை டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள், பிறகு கிளம்பும் வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். என் பயணத்துக்குள்ளேயே விதி மாறியது.

விதி தளர்ந்தாலும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் சில நாள் திண்ணையிலேயே இருங்கள் என்பேன். போகும் முன் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் போன் நம்பரை அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நர்சம்மாவின் நம்பரைக் கேட்டு இரண்டு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். தர மாட்டேன். அவருக்கு ஏற்கெனவே மூன்று கிராமம்.