3,200 ரிங்கிட்டுக்கு ஒரு ஆரஞ்சு விளக்கு

கையால் செய்த ஹைபிரிட் ஆம்ப் (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) என்று முகநூலில் யாராவது படம் போட்டால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஹைபிரிட் என்றால் முன்னால் வால்வு எனும் பழங்காலக் கண்ணாடிக் குழாய், பின்னால் டிரான்சிஸ்டர். யோசனை நல்லதுதான். இசிசி88 மாதிரி ஒரு சின்ன வால்வு சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரைத் தள்ளும் பாரத்தை மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டர்கள் சுமக்கும். முழு வால்வு ஆம்புக்கு வேண்டிய கனத்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். என்னிடம் கொஞ்சம் பழைய தமிழ் இசைத்தட்டுகள் உண்டு, அவற்றுக்காகவே வாங்கப் போனேன்.

விற்றவர் நம்ம ஆள்தான், கிள்ளான் பக்கம் வீட்டிலேயே செய்கிறாராம். மரப்பெட்டி, மேலே இரண்டு வால்வு, ஆரஞ்சு வெளிச்சம். சுவிட்ச் போட்டதும் பாடியது. "வால்வு சூடாக நேரம் ஆகாதா அண்ணே?" என்றேன். "அதெல்லாம் பழைய டிசைன் தம்பி" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். படித்தவன் வேறு.

குட்டை உடைத்தது அம்மா. தோட்டத்தில் வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்தவர். செந்தூல் வீட்டில் ஒரு ஞாயிறு தூசி தட்டும்போது, "ரெண்டு மணி நேரமா பாடுது, கண்ணாடி ஜில்லுன்னு இருக்கேப்பா! எங்க ரேடியோ மேல பூனை வந்து தூங்கும், அவ்வளவு சூடு" என்றார்.

மறுநாள் ஜாலான் பாசாரில் தெரிந்த மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அடிப்பலகையைக் கழற்றியவர் சிரித்துவிட்டார். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் கம்பி வர வேண்டிய 4, 5ஆம் கால்கள் காலி. மற்றக் கால்களும் அப்படியே. சாக்கெட் நடுவில் ஒரு எல்இடி. பாடியதெல்லாம் டிபிஏ3116 என்ற ஆம்ப் சிப் வைத்த, வால்வே தேவைப்படாத ஒரு சின்ன போர்டு. வால்வைப் பிடுங்கிக் காட்டினார், பாட்டு நிற்கவே இல்லை.

அதுகூடப் போகட்டும். மூன்று முள் பிளக்கிலிருந்து வந்த பச்சை மஞ்சள் எர்த் கம்பி உள்ளே வெட்டி விடப்பட்டிருந்தது. மேல்தகடு உலோகம், உள்ளே வருவது 230 வோல்ட். அம்மா ஈரத்துணியால் துடைக்கிற தகடு அது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் "பார்ட்ஸ் மாறிப்போச்சு" என்றார், அப்புறம் பதிலே இல்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் அடிப்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிஜ வால்வு முன்கட்டத்தில் இருந்தால், அரை நிமிடம்போல் காத்திருந்த பிறகே சத்தம் வரும். அணைத்து, ஆறவிட்டு, வால்வைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே சுவிட்சை மறுபடி போட்டால் பாட்டு வரக் கூடாது. செய்தவர் நேர்மையானவர் என்றால் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ரசீது, மெக்கானிக் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் வெறும் 5 ரிங்கிட். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். அவரோ நேற்று புதுப் பெட்டி ஒன்றின் படம் போட்டிருக்கிறார். இந்த முறை வெளிச்சம் நீலம்.