மணியின் காதும் என் ஆறு வார விடுப்பும்

மெல்பர்னிலிருந்து காவேரிப்பட்டணத்து வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே, எங்கள் லேப்ரடார் மணி தலையைச் சாய்த்து உதறிக்கொண்டிருப்பதையும், அதன் வலது காதிலிருந்து புளித்த மாவின் வாடை வீசுவதையும் கவனித்தேன். "அது வந்து வந்து போறதுதான் கண்ணு" என்றார் அம்மா. அலமாரியில் பாதி தீர்ந்த சொட்டு மருந்துக் குப்பிகள் நான்கு இருந்தன. அவற்றுக்கிடையில் வேப்பெண்ணெயும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் போன இடத்தில் காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் ஐந்தாவது குப்பியை எழுதிக் கொடுத்தார்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும் என்பதால், அதை நான் வாங்கவில்லை.

கிருஷ்ணகிரியில் நாங்கள் அடுத்துப் பார்த்த மருத்துவர், செவிப்பறை முழுதாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பஞ்சுக் குச்சியில் எடுத்த பழுப்பு அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் உருட்டித் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், இடை சிறுத்த நிலக்கடலை போன்ற உருவங்கள் மொய்த்துக் கிடந்தன. மலசீசியா என்னும் ஈஸ்ட் வகை அது. குச்சி வடிவக் கிருமிகள் தெரிந்திருந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும் என்றார். நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போலக் கீழிறங்கி உள்ளே மடங்குவதால் ஈரமும் அழுக்கும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கழுவும் மருந்தை நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியைச் சளக் சளக்கென்று கேட்கும்வரை பிசைந்து, நாய் உதறிய பிறகு வெளியே வந்ததை மட்டும் துடைக்க வேண்டுமே தவிர, பட்ஸ் குச்சியை உள்ளே விடக்கூடாது என்பதையும் செய்து காட்டினார்.

ஆனால் ஈஸ்ட் பெருகுவதற்கு வேறொரு காரணம் இருக்கும் என்பதுதான் அவர் அழுத்திச் சொன்னது. மணி பாதங்களை ஓயாமல் நக்குவதையும் அடிவயிறு சிவந்திருப்பதையும் கண்டு ஒவ்வாமையைச் சந்தேகித்தவர், குட்டியிலிருந்து தின்றுவந்த களியையும் கோழியையும் நிறுத்தி, எட்டு வாரங்களுக்கு, அது இதுவரை தின்றிராத மீனும் உருளைக்கிழங்கும் மட்டுமே தரச் சொன்னார். "நாய்க்கு முள்ளெடுக்கத்தான் நான் கிடைச்சேனா?" என்று அம்மா முணுமுணுத்தாலும், எடுத்தார்.

வாடை இரண்டாம் வாரமே போய்விட்டது. வீட்டில் வழக்கமாக மருந்தை நிறுத்திவிடுவது அப்போதுதான். மூன்றாம் வாரம் மறுபடி எடுத்த தகட்டிலோ கடலைகள் சில இன்னும் இருந்தன; அதனால் மருந்து தொடர்ந்தது, ஐந்தாம் வாரத் தகட்டில் ஒன்றும் இல்லை.

உணவுச் சோதனைக்கு இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் மீதமிருக்கும்போதே நான் விமானம் ஏற வேண்டியதாயிற்று. நேற்று வீடியோ அழைப்பில் மணியின் காதைத் திருப்பிக் காட்டிய அம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா திருட்டுத்தனமாகப் பொறை போடுவதாகப் புகார் சொன்னார்.