லேமினேட் தரைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வந்தால் கதவைத் திறக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முக்கியமாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் மக்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "லேமினேட் தரையை ஆவியில் கழுவி, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று ஒரு துண்டுச்சீட்டு உங்கள் தபால் பெட்டியில் கிடந்தால் கிழித்துப் போடுங்கள். அந்த வேலைக்கு நாங்கள் 2,150 ராண்ட் கொடுத்தோம். கூடத்தில் போட்டிருந்த, மரம் மாதிரி தெரியும் லேமினேட் பலகைகளில் பதினொன்று வீணாகிப் போயிற்று.

புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் இங்கே தமிழ் வீடுகளில் நடக்கும் சுத்தம் உங்களுக்குத் தெரியும். கறி சமைக்கும் சட்டிகளை எடுத்து ஒதுக்கி, திரைச்சீலையிலிருந்து சாமி படம் வரை எல்லாவற்றையும் துடைத்து வைத்தபிறகுதான் விரதம் தொடங்கும். நான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் இதைப் பார்த்து அசந்து போனேன். ஊரில்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கட்டாயமாகச் செய்ததில்லை. சென்ற ஆண்டு எல்லாம் முடிந்து தரை மட்டும்தான் பாக்கி. ஏழு வருடத் தரை, நடக்கும் இடமெல்லாம் மங்கிக் கிடந்தது. சனிக்கிழமை விளக்கேற்றச் சொந்தக்காரர்கள் வருவார்களே என்று அந்தச் சீட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கூடம் 24 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 65 ராண்ட், மொத்தம் 1,560 என்றார். பாதிப் பணத்தை முன்கூட்டியே தன் சொந்தப் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார். குனிந்து தரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேசும்போதெல்லாம் "உட்டன் ஃப்ளோர், உட்டன் ஃப்ளோர்" என்றே சொன்னார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு பையன்களோடு வந்தார்கள். ஆவி இயந்திரத்தைப் பலகை இணையும் கோடுகளின் மேல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள், அழுக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறதாம். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஏறியதைக் காட்டியபோது எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. அப்புறம் பெயர்ச்சீட்டு இல்லாத நீல நிறக் கேனிலிருந்து எதையோ ஊற்றிப் பரப்பினார்கள். "இது சீல், பத்து வருஷத்துக்குத் தண்ணீர் இறங்காது" என்று சொல்லி அதற்குத் தனியாக 590 ராண்ட். நான்கு மணிநேரம் நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலை தரை கண்ணாடி மாதிரி மின்னியது உண்மை.

மறுநாள் காலையில் வெறும் காலோடு நடந்தால் பிசுபிசு என்று ஒட்டியது. என் மகன் ஓடிய இடமெல்லாம் குதிகால் தடம் அப்படியே பதிந்து நின்றது. துடைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்தது. மூன்றாவது வாரம் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் காலில் ஏதோ இடறியது. உட்கார்ந்து விரலால் தடவினேன். இரண்டு பலகையும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய மேடு. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், அடுத்தடுத்து வரிசையாக அதே மேடு தெரிந்தது.

கூப்பிட்டுச் சொன்னதற்கு, "உங்கள் வீட்டில் ஈரப்பதம் அதிகம் மேடம், டர்பன் காற்று அப்படித்தான்" என்றார். 900 ராண்ட் கொடுத்தால் பழைய பாலிஷை எடுத்துவிட்டு மறுபடி போடுவாராம். இரண்டாவது முறை கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பிறகுதான் தரை போடும் தொழிலில் இருபது வருடமாக இருக்கும் ஒரு அண்ணனை அழைத்து வந்தோம். அவர் முதலில் சுவரோரம் அடித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரிவடைவதற்கான இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். பத்து மில்லிமீட்டர் சரியாக விட்டிருந்தது. அதாவது காற்றின் ஈரத்தில் தரை மொத்தமாக விரிந்து முட்டிக்கொண்டதால் வந்த மேடு இல்லை. ஒரு பலகையை உருவிக் கையில் கொடுத்தார். எட்டு மில்லிமீட்டர் பலகை, ஓரத்தில் அளந்தால் ஒன்பதரை. மேலே மரம் மாதிரி தெரியும் தாள் நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே இருந்த பழுப்புப் பகுதிதான் டீயில் முக்கி எடுத்த ரஸ்க் மாதிரி ஊதிக் கிடந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. லேமினேட்டின் மேற்பகுதியில் மரமே இல்லை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை நடுவில் இருக்கும். அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதற்கும் மேலே மெலமைன் பிசினில் ஊறிய, அலுமினியம் ஆக்சைடு கலந்த, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு மெல்லிய படலம். தேய்மானத்தைத் தாங்குவது அந்தப் படலம்தான். பெட்டியில் ஏசி 3, ஏசி 4 என்று போட்டிருப்பது அது எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதைத்தான். பழைய டர்பன் வீடுகளில் இருக்கிற பார்க்கே மரக்கட்டைத் தரையை இழைக்கலாம், பாலிஷ் போடலாம், சீல் அடிக்கலாம். லேமினேட்டை இழைத்தால் படம் போய்விடும். பாலிஷ் போட்டாலோ அது உள்ளே இறங்க வழியே இல்லை. மேலேயே படிந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும்.

ஆவிதான் எல்லாவற்றையும்விடக் கேடு. சிந்திய தண்ணீரை உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. சூடான ஆவியோ அழுத்தத்தோடு இணைப்புக்குள் புகுந்து அங்கே தண்ணீராக மாறிவிடும். ஊதிய நார் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். அது மேலே சிந்துவதற்கு மட்டும்தான், ஆவிக்கு இல்லை என்றார். லேமினேட் செய்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் பராமரிப்புக் குறிப்பிலேயே ஆவியும் மெழுகும் வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன. எங்கள் பெட்டியிலும் இருந்தது. கராஜில் மிச்சம் வைத்திருந்த பெட்டியை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.

பாலிஷை எடுக்கவும் அவரே வழி சொன்னார். மெத்திலேட்டட் ஸ்பிரிட்ஸைத் துணியில் கொஞ்சமாக நனைத்து, முதலில் சோபாவுக்கு அடியில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். நிறம் போகவில்லை என்றால் ஒரு சாண் அளவு துடைத்து, உடனே ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு, அடுப்பு எதுவும் எரியக்கூடாது, அது சட்டென்று தீப்பிடிக்கும். எனக்கும் என் கணவருக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மங்கல் போனதும்தான் தெரிந்தது, தரை தேய்ந்து மங்கவே இல்லை. இத்தனை வருடம் நான் சோப்புத் தண்ணீரில் துடைத்த சோப்புதான் படலமாகப் படிந்திருக்கிறது. அந்தப் பாலிஷ் ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை.

ஊரில் எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல்லுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க அது பளபளக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. பக்கத்து வீட்டு ஆயா தகரமும் மரமும் வைத்துக் கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அவர் இதை முன்பே சொல்லியிருந்தார்: "மரத்துக்கு ஈரத்தைக் காட்டு, தண்ணியைக் காட்டாதம்மா."

இப்போது நான் செய்வது இதுதான். தினமும் மெல்லிய தூரிகை வைத்த வேக்குவம். கடற்கரைக்குப் போய்வந்தால் கால்மணல் வாசலிலேயே உதிரும்படி மிதியடி, மணல்தான் கீறல் போடும். வாரம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியை நன்றாகப் பிழிந்து துடைப்பது. துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் தானாகக் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் துணியில் தண்ணீர் அதிகம். விளக்குக்கு அடியில் தட்டு. எண்ணெய் சிந்தினால் முதலில் காய்ந்த தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு ஈரத்துணி. மெழுகுவத்தி ஒழுகினால் பையில் போட்ட ஐஸ் கட்டியை அதன்மேல் வைத்து, இறுகியதும் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினால் வந்துவிடும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறேன். உரசும் க்ரீம், இரும்பு நார் இரண்டும் தரைப் பக்கமே வருவதில்லை.

வீணான பலகைகளுக்கு அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை, அந்த வடிவத்தை நிறுத்திவிட்டார்களாம். கராஜ் பெட்டியில் ஆறு பலகை இருந்தது. மீதி ஐந்தைப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கழற்றிக் கூடத்தில் போட்டார் அந்த அண்ணன். கட்டிலுக்கு அடியில் இப்போது வேறு நிறம்.

பணத்தை விடவில்லை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, செய்த வேலை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கவோ நமக்கு உரிமை தருகிறது. அதைக் குறிப்பிட்டு, 14 நாள் கெடு வைத்து, படங்களோடு கடிதம் அனுப்பினேன். பதினோராவது நாள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் 1,000 ராண்ட் கணக்கில் போட்டிருந்தார். மீதிக்கும் பலகை மாற்றிய கூலிக்கும் சேர்த்துச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறேன். 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள். வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. அடுத்த மாதம் விசாரணை. அவர் அனுப்பிய விலைச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், வங்கி ரசீது எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். நீங்களும் எந்த வேலைக்கும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் விடாதீர்கள்.

போன வாரம் ஃபீனிக்ஸில் இருக்கும் என் தோழிக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. பெயர் வேறு, எண் வேறு. படத்தில் அதே நீலக் கேன். ஊதிப்போன பலகைத் துண்டு ஒன்றை அந்த அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் யாருக்காவது சந்தேகம் இருந்தால் செய்தி அனுப்புங்கள், கையில் கொடுத்தே காட்டுகிறேன்.