குதிரைப் பந்தயச் செய்தி: இலவசமாகக் கிடைப்பதும் காசு கொடுத்து வாசிப்பதும்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு குதிரைப் பந்தயத்தைக் கவனிப்பவருக்குப் பழக்கமானவை பெரும்பாலும் பிரித்தானிய ஓட்டங்கள்தான். கொழும்பில் 1956 இல் நிறுத்தப்பட்ட பந்தயம் பழைய நிலைக்கு மீளவே இல்லை. நுவரெலியாவின் சித்திரைப் பருவத்தை விட்டால் நாட்டில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. லண்டனில் கோடைப் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடும் பந்தயம் இங்கு மாலை ஆறரைக்கு வருவதால், வேலை முடிந்து வந்தவர் கைப்பேசியில் நாலு பக்கம் வாசித்துவிட்டே ஓட்டத்தைப் பார்க்கலாம். பந்தயம் கட்டாதவருக்கும், மார்க்க விலக்கலால் கட்டவே முடியாதவருக்கும் இந்த வாசிப்பில் சுவை உண்டு. அந்த நாலு பக்கம் எங்கிருந்து வரவேண்டும் என்பதே இங்கு பார்க்கப்போவது.

முதலில் ஒப்பிடவேண்டியவை பிரித்தானியப் பந்தயச் செய்தி வெளியீடுகளான ரேசிங் போஸ்ட், ஸ்போர்ட்டிங் லைஃப் ஆகிய இரண்டும். ஸ்போர்ட்டிங் லைஃப் 1859 இல் தொடங்கி 1998 இல் அச்சை நிறுத்திய பத்திரிகை. இன்று இணையத்தளமாக மட்டும், கட்டணமின்றி இயங்குகிறது. ரேசிங் போஸ்ட் 1986 இல் துபாயின் ஷேக் முகமதுவின் பணத்தில் தொடங்கப்பட்டு, இன்றும் அச்சில் வருகிறது. அதன் ஓட்டப் பட்டியலும் முடிவுகளும் இலவசம். ஆழமான கட்டுரைகள் மாதச் சந்தாவுக்குள் பூட்டப்பட்டுள்ளன. சந்தாவைப் பவுண்களில் செலுத்தவேண்டும் என்பதால் ரூபாயில் சம்பளம் வாங்குபவருக்கு அது சிறிய தொகையல்ல.

பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் '31-2P0' என்று இருந்தால், எண்கள் முந்தைய ஓட்டங்களில் அது பிடித்த இடங்கள்; கோட்டுக்கு முந்தியது சென்ற பருவம், பிந்தியது இந்தப் பருவம். 'P' என்பது ஜொக்கி, அதாவது குதிரையை ஓட்டுபவர், நடுவழியில் குதிரையை நிறுத்திக்கொண்டதைக் குறிக்கும். பூச்சியம் என்றால் முதல் ஒன்பது இடங்களுக்குள் வரவில்லை. இதைப் பதிவுசெய்ய யாராலும் முடியும். ஏன் நிறுத்தினார், தரை ஈரமாக இருந்ததாலா, தூரம் அதிகமாகிவிட்டதாலா, குதிரைக்கு மூச்சுக் கோளாறா என்று பயிற்றுவிப்பாளரிடம் கேட்டு எழுதுவதில்தான் பத்திரிகைத் தொழில் இருக்கிறது. அந்த வேலையில் ரேசிங் போஸ்ட் தெளிவாக முன்னே நிற்கிறது.

ஸ்போர்ட்டிங் லைஃபின் தாராளத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதுவும், 1948 இல் ஃபில் புல் தொடங்கிய டைம்ஃபார்ம் நிறுவனமும் இன்று ஃப்ளட்டர் என்ற பந்தய நிறுவனக் குழுமத்தின் கைகளில் உள்ளன. குதிரைகளின் திறமைக்கு எண் இடும் டைம்ஃபார்மின் மதிப்பீட்டுக் கலையை நான் குறைசொல்லமாட்டேன். 1965 இன் சீ பேர்டு என்ற குதிரைக்கு 145 என்றும் பின்னாளின் ஃப்ராங்கலுக்கு 147 என்றும் அது இட்ட எண்களைத் தலைமுறை தாண்டி விவாதிக்கிறார்கள். ஆனால் கடைக்காரனே நடத்தும் பத்திரிகை கடைக்காரனைக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம். ரேசிங் போஸ்டும் இதில் துறவி அல்ல: சூதாட்டக்காரரின் நிதி நிலையைச் சரிபார்க்கும் விதிகளைப் பிரித்தானியாவில் கொண்டுவர முயன்றபோது, அது செய்தியோடு நிற்காமல் எதிர்ப்பு இயக்கமே நடத்தியது.

தரவு மட்டும் போதும் என்பவருக்கு ஹொங்கொங்கை மிஞ்ச ஆளில்லை. ஹொங்கொங் ஜொக்கி கிளப்பின் தளத்தில் ஒவ்வொரு குதிரையும் ஒவ்வொரு 400 மீற்றரையும் எத்தனை வினாடியில் கடந்தது, எப்போது நொண்டியது, எப்போது மூக்கில் இரத்தம் வந்தது, நடுவர்கள் எந்த ஜொக்கியை விசாரித்தார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில், ஒரு சதம் கேட்காமல் கிடைக்கின்றன. மேற்குலகில் பல இடங்களில் காசு கொடுத்தாலும் இவ்வளவு கிடைப்பதில்லை. இருந்தும் இதை இதழியல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பந்தயத்தை நடத்துவதும், பந்தயப் பணத்தை வாங்கும் தனியுரிமையை வைத்திருப்பதும், அறிக்கை எழுதுவதும் ஒரே கிளப். அது ஒளிக்காமல் எழுதுகிறது என்பது அதன் நற்குணம், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பந்தயப் பத்திரிகையான டெய்லி ரேசிங் ஃபோர்ம் 1894 முதல் வருகிறது. ஒரு குதிரை எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் ஆண்ட்ரூ பேயரின் வேக எண்கள் அதன் பெரிய சொத்து. ஆனால் எண்கள் நிறைந்த பக்கங்களைக் காசு கொடுத்தே இறக்கவேண்டும். பந்தயங்களோ நமக்கு இரவு பத்தரைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. 2018 இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ஜஸ்டிஃபை என்ற குதிரை, அதற்கு முன் கலிபோர்னியாவின் சான்டா அனிடா திடலில் வென்றபோது மருந்துப் பரிசோதனையில் சிக்கியிருந்ததை 2019 செப்டெம்பரில் வெளிக்கொணர்ந்தது நியூயோர்க் டைம்ஸ். பிரையனி ஃப்ரொஸ்ட் என்ற பெண் ஜொக்கி சக ஜொக்கியால் துன்புறுத்தப்பட்டது பற்றிய இரகசிய விசாரணை அறிக்கையை 2021 இல் அம்பலப்படுத்தியது சண்டே டைம்ஸ். இரண்டும் பந்தயப் பத்திரிகைகள் அல்ல. தினமும் லாயத்துக்குப் போய்ச் செய்தி கேட்கவேண்டியவர் அங்குள்ளவரைப் பகைக்கத் தயங்குவார். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த இரு பத்திரிகைகளும் கட்டணத்துக்குள் இருப்பதால், இங்குள்ள வாசகருக்குக் கையெட்டும் வெளியார் குரல் இலவசமாகக் கிடைக்கும் பிரித்தானிய நாளிதழ் கார்டியன்தான்.

தமிழில் நிலைமை மெலிவு. இந்தியாவில் ஆங்கிலத்தில் வரும் தி இந்து கிண்டி, ஊட்டி, பெங்களூரு ஓட்டங்களின் முன்கணிப்பையும் முடிவையும் வெளியிட்டு வந்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் தமிழக அரசு கிண்டித் திடலுக்குச் சீல் வைத்தபோது தமிழ்ப் பத்திரிகைகள் 160 ஏக்கர் நிலத்தையும் குத்தகைப் பாக்கியையும் விரிவாக எழுதின. அங்கு ஓடிய குதிரைகளைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஒரு பத்திகூட இல்லை.

ஆகவே என் தெரிவு கலவையானது. அன்றாடப் பட்டியலுக்கு ஸ்போர்ட்டிங் லைஃப், அதன் முன்கணிப்புகளை ஒதுக்கிவிட்டு. ஓட்டத்தின் நுணுக்கம் கற்க ஹொங்கொங் தளம். சண்டை சச்சரவுகளுக்குக் கார்டியன். ரேசிங் போஸ்டுக்குச் சந்தா கட்டுவதானால் இங்கிலாந்தின் பெரும் பந்தய விழாவான செல்டன்ஹம் வரும் மார்ச் மாதத்துக்கு மட்டும் கட்டலாம். ஏப்ரல் பிறக்குமுன் அதை நிறுத்திவிடவும் வேண்டும்.