போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கு எந்தப் பேஸ்ட்?

என் தம்பி போட்டோவுக்கு நிற்கும்போது இன்றைக்கும் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். முன்பற்கள் எல்லாவற்றிலும் காவிக் கறை. நாங்கள் வளர்ந்தது நாட்றாம்பள்ளி பக்கம், அங்கே இதை "உப்புத் தண்ணி குடிச்ச பல்லு" என்பார்கள். அது உப்பால் வந்ததில்லை, பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடால் வந்தது என்று கல்யாணமாகி காட்பாடி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பயத்தில், மகள் பல் தேய்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ஃப்ளோரைடு இல்லாத ஒரு மூலிகைப் பேஸ்ட்டையே வாங்கினேன். இப்போது ஒன்றரை வருடமாக ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததால் எழுதுகிறேன்.

மூலிகைப் பேஸ்ட்டில் எனக்குப் பிடித்தது வாசனை. கிராம்பும் புதினாவும் சேர்ந்து, மீன் குழம்பு சாப்பிட்ட வாயைக்கூடச் சுத்தமாக உணர வைக்கும், நுரையும் அளவாக இருக்கும். என் கணவர் இன்றும் அதைத்தான் தேடுகிறார். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தக் காரம் எரிகிறது. மகள் பத்து நொடியில் துப்பிவிட்டு ஓடிவிடுவாள், நானும் சரி என்று விட்டுவிடுவேன். ஏழு வயதில் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை. ராத்திரி தூங்க முடியாமல் அழுதாள்.

பழி முழுவதையும் பேஸ்ட் மேல் போட மாட்டேன். சாயங்காலம் ஜெல்லி மிட்டாய், தாத்தா ஆற்காட்டிலிருந்து வாங்கி வரும் மக்கன் பேடா, அப்புறம் இரவில் பல் தேய்க்காமல் தூக்கம், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டிய பொருள் பேஸ்ட்டில் இல்லை என்பதும் உண்மை.

பல் டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும், அது பல்லின் மேல்பூச்சிலிருந்து தாதுவைக் கரைக்கும். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லின் மேலே தங்கி, கரைந்த தாது திரும்பப் படிய உதவும், அமிலத்தைத் தாங்கும் பலத்தையும் கூட்டும். விழுங்க வேண்டியதே இல்லை, மேலே பட்டால் போதும். தம்பிக்கு வந்த கறை வேறு விஷயம். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், தினமும் அதிக ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போனால்தான் அது வரும். "உங்க போர் தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். பண்ணவில்லை. பேஸ்ட் டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்த நான் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு 1.7 மில்லிகிராம். இந்திய தர நிர்ணயப்படி 1 வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. இத்தனை நாள் பிள்ளைகளுக்கென்று காய்ச்சிக் கொடுத்தேனே, காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடத்தான் செய்யும். இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ தண்ணீர், காவிரித் தண்ணீர் வரும் நாளில் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் வரைதான் இருக்கலாம், அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு பேஸ்ட் கால் கிராம்தான் வரும், அதை அப்படியே விழுங்கினாலும் கால் மில்லிகிராம் ஃப்ளோரைடு. எங்கள் போர் தண்ணீர் ஒரு லிட்டரில் அதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு.

இப்போது நாங்கள் வாங்குவது கோல்கேட் ஸ்ட்ராங் டீத். சாதாரண வெள்ளைப் பேஸ்ட், நுரை கொஞ்சம் அதிகம், இனிப்பும் தூக்கல், எனக்கு அந்த ருசி அவ்வளவாகப் பிடிக்காது. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் இரண்டு நிமிடம் தேய்க்கிறார்கள், எனக்கு அதுவே பெரிய விஷயம். புதுச் சொத்தை இதுவரை இல்லை. இரவில் தேய்ப்பதும் மிட்டாயைக் குறைத்ததும் கூடவே நடந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் வருவது மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்காதீர்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. டியூபைப் பிள்ளை கையில் கொடுக்காமல் நீங்களே வைத்துக் கொடுங்கள். துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் பலன் கூடும்.

கடையில் அட்டையைத் திருப்பி சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட், சோடியம் ஃப்ளோரைடு, ஸ்டானஸ் ஃப்ளோரைடு இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். டாபர் ரெட், மிஸ்வாக், விக்கோ வஜ்ரதந்தி போன்றவற்றில் ஃப்ளோரைடு கிடையாது. "குழந்தைகளுக்கு" என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. ஃப்ளோரைடுக்குப் பதிலாக, பல்லில் இருக்கும் அதே வகைத் தாதுவைச் சேர்த்த ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட்டும் இருக்கிறது, ஜப்பானில் பல வருடமாகப் புழங்குவது. வேலூர் லாங் பஜாரில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளை இன்னும் துப்பவே பழகவில்லை, தண்ணீரும் போர் தண்ணீர்தான் என்றால், பேஸ்ட்டை மாற்றும் முன்னால் தண்ணீரைச் சோதித்து, அந்தச் சீட்டோடு பல் டாக்டரிடம் போங்கள். தம்பி வீட்டு போரிலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்து வரச் சொல்லியிருக்கிறேன். அவன் மகளுக்கு இப்போது இரண்டு வயது.