கோவில் கூரை: சபையே மாற்றுவதா, திருமண்டலத்திடம் கேட்பதா?

நெல்லைப் பக்கத்துச் சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஐப்பசி மழைக்கு முன் எழும் கேள்வி இது. கோவில் என்பது இங்கே தேவாலயம்; திருமண்டலம் என்பது பேராயரின் கீழ் பல சபைகளை நிர்வகிக்கும் அமைப்பு.

பணம்: சபையே செய்தால் கைப்பிடி அரிசி (வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துக் கொடுப்பது), வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் காணிக்கை, அசன விழா (சபையார் கூடி உண்ணும் விருந்து) ஏலம். ஏலத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் கூறச் சொல்வார். அந்த மனசை எனக்கு அவ்வளவு பிடிக்கும். திருமண்டலம் தந்தால் தொகை பெரிது, ஆனால் வரிசையும் நீளம்.

வேகம்: ஊரிலேயே கொத்தனார் இருந்தால் சில நாளில் முடியும். திருமண்டலத்தில் என்றால் தீர்மானம், மதிப்பீடு, ஒப்புதல் என்று நாளாகும்.

உரிமை: சொத்து பெரும்பாலும் சபையின் பெயரில் இல்லை, திருச்சபைச் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அமைப்பின் பெயரில்தான் இருக்கிறது. அனுமதியின்றிச் சுவரை இடிக்காதீர்கள்.

ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் சபையின் கையே போதும். புதுக் கட்டடம், பட்டாச் சிக்கல் என்றால் திருமண்டலத்திடம் போங்கள். எந்த வழியானாலும் சேகர குருவிடம் (சில சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பான போதகர்) முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரவு செலவை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னும் வாசியுங்கள்.