பெரிய புத்தகமா, எக்செல்லா, இணைய முறையா? மலையக அலுவலகங்களின் பொருட்கணக்கு

களஞ்சியப் பொறுப்பை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவதில்லை. எனக்கும் அது இடமாற்றத்தோடு வந்து சேர்ந்ததுதான். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஓர் அரச அலுவலகம். முன்பிருந்தவர் மறுநாளே புதிய இடத்தில் கடமையேற்க வேண்டும் என்று அவசரப்பட்டார். நானும் எண்ணிப் பார்க்காமல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடக் கணக்கெடுப்பில் ஒன்பது கதிரைகள் குறைந்தன, புத்தகத்திலேயே இல்லாத இரண்டு இரும்பு அலுமாரிகள் கூடின. அலுமாரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கதிரைக்கு விளக்கம் எழுதியே நான்கு மாதம் போனது.

அதன் பிறகு கையால் எழுதும் பெரிய பதிவுப் புத்தகம், எக்செல், இணைய முறை என்று மூன்று விதமான பதிவு முறைகளோடும் வேலை செய்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்பெடுக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக அந்த மூன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த முறையாக இருந்தாலும் அதற்குப் பரீட்சை ஒன்றுதான். அரச அலுவலகங்களுக்கான நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 756இன்படி வருடத்துக்கு ஒரு தடவை பொருட்கணக்கெடுப்புச் சபை வந்து எண்ண வேண்டும். பொருளுக்குப் பொறுப்பானவர் அந்தச் சபையில் இருக்கக் கூடாது. அறிக்கை கணக்காய்வாளர் நாயகம் வரைக்கும் போகும். ஆகவே, முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, உங்கள் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் பொருளையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் பெரிய புத்தகம். இதைப் பழசு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரண்ட் போனாலும் புத்தகம் திறக்கும். ஒரு எண்ணை வெட்டித் திருத்தினால் வெட்டியது தெரியும், பக்கத்தில் சுருக்கொப்பம் கேட்கும். பத்து வருடத்துக்கு முன் யார் ஒப்பமிட்டுப் பாரமெடுத்தார் என்பதும் அப்படியே இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரம் அதற்கு எதிரி. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் சுவர் காயாது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பேனை மை ஊறிப் பரவும். அடி அலுமாரியில் வைத்த புத்தகம் இரண்டு மழைக்காலம் தாங்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. இருமொழி நிர்வாகப் பிரிவுகளில் ஒருவர் "மேசை" என்று தமிழில் எழுதுவார், அடுத்து வந்தவர் "மேசய" என்று சிங்களத்தில் எழுதுவார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுவார். ஒரே மேசை மூன்று பக்கங்களில் ஏறிவிடும். எண்ணும்போது இரண்டு மேசைகள் "காணாமல்" போகும். கள்வர் யாரும் இல்லை, ஆனால் பழி அந்த நேரம் பொறுப்பில் இருப்பவர் தலையில். எத்தனையோ நேர்மையான ஆட்கள் இதில் மாட்டி வேதனைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எக்செல் வந்தபோது இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பினோம். தேடுவதற்கு அதைப் போல வசதி கிடையாது. எந்த அறையில் எத்தனை அச்சுப்பொறி, எது எந்த வருடம் வாங்கியது என்பதையெல்லாம் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். ஆனால் 40 என்ற எண்ணை 31 ஆக மாற்றினால் தாளில் போலத் தழும்பு நிற்காது. கணக்கு என்றால் தழும்பு வேண்டும். அப்புறம் ஒரே கோப்பு மூன்று பென் டிரைவ்களில் மூன்று விதமாக இருக்கும், பொறுப்பாளர் இடமாற்றமாகிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அச்சிட்டு, ஒப்பமிட்டுக் கோவைப்படுத்தும் இடத்தில் மட்டுமே எக்செல்லை நான் நம்புவேன்.

மூன்றாவது, கொழும்பிலிருந்து பார்க்கக்கூடிய மத்திய இணைய முறை. திறைசேரியின் பக்கத்தில் காணி, கட்டடம், வாகனம் போன்ற நிதியல்லாச் சொத்துகளைக் கவனிக்கவென்று கொம்ப்ட்ரோலர் ஜெனரல் அலுவலகம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டமும் வந்துவிட்டது. நாடு முழுவதும் அரசுக்கு என்ன இருக்கிறது என்று ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. வாகனத்துக்கு இது சரி. இலக்கத் தகடு இருப்பதால் குழப்பமும் குறைவு. கதிரைக்கு இது சரிவராது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதிரையைத் தூக்கிப் போகிறவர், கணினியைத் திறந்து அதைப் பதிவு செய்துவிட்டா போவார்?

காணிக்கோ இந்த முறைதான் கட்டாயம் வேண்டும். இந்த இடத்தில் மலையகத்தின் கதை வேறு. 1972இலும் 1975இலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. இதற்கிடையே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. கட்டடம் அரசாங்கத்தின் புத்தகத்தில் இருக்கும், அது நிற்கும் நிலத்துக்குத் தனி நில அளவைப் படம் இருக்காது. எல்லை எது என்று கேட்டால் "அந்தப் பலாமரம் வரைக்கும்" என்பார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. படத்தோடும் அளவோடும் அந்தக் காணி மத்தியப் பதிவில் ஏறினால்தான் நாளைக்கு ஒரு வகுப்பறை கட்ட நிதி கேட்கும் அதிபருக்குப் பேச இடமிருக்கும். கதிரைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் காணிக்குச் செலவிட்டால் போதும் என்பது என் எண்ணம்.

சரி, அன்றாடத் தளபாடத்துக்கு எது? நான் புத்தகத்தைத்தான் எடுப்பேன், கூடவே ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பட்டியல். பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டினால் ஈரம் தொடாது. அந்த அறையில் இருப்பவர் அதில் ஒப்பமிட வேண்டும். பொறுப்பு ஒருவர் தலையில் குவியாமல் அறைக்கு அறை பிரிந்துவிடும்; மூன்று முறைகளாலும் செய்ய முடியாததை அந்த ஒற்றைத் தாள் செய்கிறது. எக்செல் தேடுவதற்கான பிரதியாக மட்டும் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பொருளின் மேல் இலக்கம் இருக்க வேண்டும். இலக்கத்துக்குச் சிங்களம், தமிழ் என்ற பேதமில்லை, மேசை எந்தப் பெயரில் பதிவாகியிருந்தாலும் 117 என்றால் 117தான். பார்கோட் ஸ்டிக்கரும் ஒட்டிப் பார்த்தோம், இரும்பு அலுமாரியில் ஒரு மழைக்காலத்தோடு சுருண்டு விழுந்தது. இலக்கம் வெட்டிய அச்சுத் தகடு (ஸ்டென்சில்) வைத்து எனாமல் பெயின்டால் எழுதியது இன்னும் நிற்கிறது. கதிரைக்கு அடிப்பக்கத்தில் எழுதுங்கள், முதுகில் எழுதினால் உடுப்பு உரசி அழிந்துவிடும்.

உடைந்தவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துவதா, ஏலத்தில் விடுவதா, அழிப்பதா என்று சபை பரிந்துரைத்ததை அந்த வருடமே முடித்துவிடுங்கள். விட்டால் அடுத்த வருடமும் அதே உடைசல்களைத்தான் எண்ண வேண்டிவரும்.

பொறுப்பேற்கும்போது இரண்டு நாள் கேளுங்கள். கொடுப்பவரும் நீங்களும் அறை அறையாகப் போய், பொருளைப் பார்த்து இலக்கத்தை வாசித்து, பிறகு புத்தகத்தில் தேடுங்கள். புத்தகத்திலிருந்து பொருளைத் தேடிப் போனால் குறைவதுதான் தெரியும். என்னுடைய இரண்டு அலுமாரிகள் போலக் கூடுதலாக நிற்பவை கண்ணில் படாது. குறைந்ததையும் கூடியதையும் தனித்தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, அலுவலகத் தலைவரின் கையெழுத்தையும் வாங்கிய பிறகு சாவியை வாங்குங்கள்.